தக்காளி, மிளகாய் இலைச்சுருட்டுக்கு ஆஸ்பிரின் தெளிக்கலாமா? செடிக்குள் என்ன நடக்கிறது?

தொட்டிச்செடி கேட்டது:

மாடித் தோட்டத்தில் தக்காளியும் மிளகாயும் தொட்டிகளில் இருக்கின்றன. தக்காளியில் சில செடிகளுக்குக் கொழுந்து சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, மேல்நோக்கி மடிகிறது. கணுக்கள் நெருங்கிச் செடி குட்டையாக நிற்கிறது, பூ உதிர்கிறது. மிளகாயில் சில செடிகளில் இலை கீழ்நோக்கிக் கவிழ்கிறது. செடியை ஆட்டினால் வெள்ளை ஈ பறக்கிறது.

"ஆஸ்பிரின் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் செடிக்கு எதிர்ப்பு சக்தி வரும், வைரஸ் போய்விடும்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இதில் எவ்வளவு உண்மை? எவ்வளவு மாத்திரை, எவ்வளவு தண்ணீர்? பக்கக் கிளை கிள்ளும்போது ஏற்படும் காயத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

இலைநரம்பு:

முதலில் நேரடியான பதில். வைரஸ் ஏறிவிட்ட செடியை ஆஸ்பிரின் குணப்படுத்தாது. வைரஸ் வருவதற்கு முன்னால் கொடுத்தால் செடியின் தற்காப்பை ஓரளவு தட்டி எழுப்பும். இதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது. ஆனால் அந்த ஆதாரம் எந்தச் செடியில், எந்த வைரஸில் கிடைத்தது என்பதைக் குழுக்களில் யாரும் சொல்வதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

செடிக்குள் இரண்டு வெவ்வேறு எச்சரிக்கை வழிகள் இருக்கின்றன. காயத்துக்கும் இலையை மென்று தின்னும் புழுவுக்கும் ஜாஸ்மோனிக் அமில வழி. வைரஸுக்கும், உயிருள்ள செல்லிலேயே குடியிருந்து வாழும் மற்ற கிருமிகளுக்கும் சாலிசிலிக் அமில வழி. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறான ஆலோசனைகள் பிறக்கின்றன.

காயத்தை எடுத்துக்கொள்வோம். இலை கிழிந்ததும் உடைந்த செல்லிலிருந்து குளூட்டமேட் கசிகிறது. பக்கத்துச் செல்கள் அதை உணர்ந்து கால்சியத்தை உள்ளே விடுகின்றன. இந்தக் கால்சிய அலை நரம்பு வழியாக நொடிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் ஓடி, ஓரிரு நிமிடத்தில் தூரத்து இலையை எட்டுவதை அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 2018-ல் படமெடுத்தே காட்டினார்கள். அடுத்து, பசுங்கணிகச் சவ்வில் இருக்கும் லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை லிப்பாக்சிஜனேஸ், ஆலீன் ஆக்சைடு சிந்தேஸ் போன்ற நொதிகள் படிப்படியாக மாற்றி ஜாஸ்மோனிக் அமிலமாக்குகின்றன. அது ஐசோலூசினோடு சேர்ந்த பிறகுதான் வேலை தொடங்குகிறது: தற்காப்பு மரபணுக்களைப் பூட்டி வைத்திருக்கும் 'ஜாஸ்' புரதங்கள் சிதைக்கப்பட்டு மரபணுக்கள் திறக்கின்றன.

திறந்த பின் உருவாகும் பொருள்களில் முக்கியமானவை புரோட்டீனேஸ் தடுப்பான்கள். இலையைத் தின்னும் புழுவின் குடலில் புரதத்தைச் செரிக்கும் நொதிகளை இவை முடக்குகின்றன. புழு வயிறு நிறையத் தின்றும் வளராது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரீனும் ரயனும் 1972-ல் இதைக் காட்டினார்கள்: தக்காளி, உருளைக்கிழங்கு இலையைக் கொலராடோ வண்டு கடித்தாலோ வெறுமனே காயப்படுத்தினாலோ, கடிபடாத இலைகளிலும் இந்தத் தடுப்பான் சேர்ந்தது. 1991-ல் அதே ரயன் குழு தக்காளி இலையிலிருந்து சிஸ்டமின் என்ற 18 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதத் துண்டைப் பிரித்தது. 200 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெரிய புரதத்திலிருந்து காயத்தின்போது வெட்டுப்பட்டு வெளிவரும் இது, ஜாஸ்மோனிக் உற்பத்தியைத் தூண்டிவிடுகிறது.

தக்காளித் தண்டை விரலால் உருவிப் பாருங்கள். விரலில் பச்சை கலந்த மஞ்சள் கறை ஒட்டும், நேரம் போகப் போகக் கருக்கும், சோப்புப் போட்டாலும் உடனே போகாது. தண்டிலும் இலையிலும் இருக்கும் சுரப்பி முடிகள் உடைந்து வந்த பொருள்தான் அது. சின்னப் பூச்சியின் காலில் ஒட்டி அதை நகரவிடாமல் செய்யும். இந்தச் சுரப்பி முடிகள் எவ்வளவு உருவாகும் என்பதையும் ஜாஸ்மோனிக் வழிதான் தீர்மானிக்கிறது.

இனி வைரஸ். இங்கே எல்லாக் கதையும் புகையிலை மொசைக் வைரஸிலிருந்துதான் தொடங்குகிறது. 'என்' என்ற எதிர்ப்பு மரபணு உள்ள புகையிலையில் இந்த வைரஸைத் தேய்த்தால், நுழைந்த இடத்துச் செல்கள் இரண்டு நாளுக்குள் தாமாகவே செத்துச் சின்னப் பழுப்புப் புள்ளியாகின்றன. வைரஸ் அங்கேயே சிக்கிக்கொள்ளும். 1961-ல் ராஸ் இன்னொன்றைக் கண்டார்: கீழ் இலைகளில் இப்படிப் புள்ளி வந்த செடியின் மேல் இலைகளில் ஒரு வாரம் கழித்து வைரஸைத் தேய்த்தால், புள்ளிகளின் எண்ணிக்கையும் அளவும் வெகுவாகக் குறைந்தன. செடி முழுவதும் தயார் நிலைக்குப் போயிருந்தது.

சாலிசிலிக் அமிலத்தின் மாற்று வடிவமான ஆஸ்பிரின் இங்கேதான் நுழைகிறது. இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஒயிட் 1979-ல் ஆஸ்பிரின் கரைசலைப் புகையிலை இலைக்குள் செலுத்திவிட்டு, பிறகு வைரஸைத் தேய்த்தார். புள்ளிகள் குறைந்தன. வைரஸ் தாக்கும்போது செடி தானாகவே சாலிசிலிக் அமிலத்தைக் கூட்டுகிறது என்பது 1990-ல் உறுதியாயிற்று: வைரஸ் தாக்கிய இலையில் அதன் அளவு குறைந்தது 20 மடங்கும், தாக்காத மேல் இலையில் சுமார் 5 மடங்கும் கூடியது. 1993-ல் சாலிசிலிக் அமிலத்தைச் சிதைக்கும் ஒரு பாக்டீரியா மரபணுவைப் புகையிலையில் வைத்தபோது, செடி முழுவதும் பரவும் அந்த எதிர்ப்பு வரவே இல்லை.

இதே அமிலம் மெத்தில் சாலிசிலேட்டாக மாறினால் காற்றில் ஆவியாகும். வலித் தைலத்தின் வாசனை அதுதான். ஊட்டிக் கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் தைலத்தில் பெரும்பங்கு இந்தப் பொருளே. வைரஸ் தாக்கிய புகையிலை இதை வெளியிட்டுப் பக்கத்துச் செடிகளையும் உஷார்படுத்துகிறது என்று 1997-ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தினர் காட்டினார்கள்.

இப்போது உங்கள் செடிக்கு வருவோம். ஒயிட் பயன்படுத்தியது எதிர்ப்பு மரபணு உள்ள புகையிலை. அந்த மரபணு இல்லாத செடிகளில் சாலிசிலிக் அமிலம் பெரும்பாலும் வைரஸ் பெருகுவதையும் பரவுவதையும் மெதுவாக்குகிறதே தவிர நிறுத்துவதில்லை. மேலும் உங்கள் தக்காளியில் இருப்பது, அறிகுறியைப் பார்த்தால், வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டு வைரஸ். இது வேறு குடும்பம். ஆர்.என்.ஏ. வைரஸ் அல்ல, டி.என்.ஏ. வைரஸ். இலைமேல் காயத்தில் அல்ல, வெள்ளை ஈ ஊசிவாயால் நேராகச் சாறு ஓடும் குழாயிலேயே இறக்கிவிடுகிறது.

செடிக்கு வைரஸை எதிர்க்க இன்னொரு ஆயுதமும் உண்டு: வைரஸ் பெருகும்போது உருவாகும் ஆர்.என்.ஏ.வைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, அந்தத் துண்டுகளையே அடையாளமாக வைத்து மீதியைத் தேடி அழிப்பது. 1999-ல் ஹாமில்டனும் பால்கோமும் அந்தச் சிறு துண்டுகளைக் கண்டறிந்தார்கள். இலைச்சுருட்டு வைரஸ்கள் இந்த வெட்டும் வேலையை முடக்கும் புரதங்களைத் தம்மிடமே வைத்திருக்கின்றன. மிளகாய் இலைச்சுருட்டு, வெண்டை மஞ்சள் நரம்பு நோய் இரண்டிலும் வைரஸோடு 'பீட்டா துணைக்கோள்' என்ற ஒரு துண்டு டி.என்.ஏ.வும் சேர்ந்தே பயணிக்கிறது. இதே வகைத் துணைக்கோள் ஒன்று செய்யும் புரதம் ஜாஸ்மோனிக் வழியை அமுக்கி, வெள்ளை ஈக்குப் பிடிக்காத வாசனைப் பொருள்களை செடி உண்டாக்காமல் தடுக்கிறது என்று சீனாவில் பரவும் ஒரு தக்காளி வைரஸை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். வைரஸ் தன் வாகனத்துக்கு வழி செய்து கொடுக்கிறது.

கடைசியாக, ஆஸ்பிரின் போடுபவர்கள் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: இரண்டு வழிகளும் ஒன்றையொன்று அமுக்கும். ஆஸ்பிரின் தக்காளியின் காய எதிர்வினையைத் தடுக்கிறது என்று 1988-லும், ஜாஸ்மோனிக் உற்பத்தியையே அடைக்கிறது என்று 1993-லும் வெளியாகியிருக்கிறது. வெள்ளை ஈயும் இதே பலவீனத்தைப் பயன்படுத்துகிறது. அது உறிஞ்சும்போது செடியின் சாலிசிலிக் வழி எழுந்து ஜாஸ்மோனிக் வழி தணிகிறது. தணிந்த செடியில் ஈயின் குஞ்சுகள் வேகமாக வளர்கின்றன. இதை 2007-ல் அராபிடாப்சிஸில் காட்டினார்கள். ஆக, காய்ப்புழு தின்றுகொண்டிருக்கும் செடிக்கும் வெள்ளை ஈ மொய்க்கும் செடிக்கும் ஆஸ்பிரின் தெளிப்பது செடியின் இன்னொரு கையைக் கட்டிவிடுவதாகவே முடியலாம்.

---

நாற்றங்கால்:

இலைநரம்பு சார் காரணத்தை எழுதிவிட்டார். நான் செய்முறையை எழுதுகிறேன். ஆனால் எதையும் தெளிப்பதற்கு முன் இது வைரஸ்தானா என்று பாருங்கள், ஏனெனில் நீங்கள் சொன்ன மிளகாய் அறிகுறி எனக்கு வைரஸ் மாதிரித் தெரியவில்லை.

மிளகாயில் இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை தடித்துக் கரும்பச்சையாக இருந்தால் அது சாறு உறிஞ்சும் நுண்ணிய முரணைச் சிலந்தி. இலை மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்து, அடியில் வெள்ளிக் கீறல் இருந்தால் இலைப்பேன். இலை சிறுத்து, நரம்பு தடித்து, நரம்புக்கு இடையே மஞ்சளாகி, கணுக்கள் நெருங்கினால்தான் வைரஸ். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக் கொழுந்திலையின் அடியைப் பாருங்கள். சிலந்திக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம், மாலையில். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் வேப்பெண்ணெய் கூடாது. எண்ணெயும் கந்தகமும் சேர்ந்தால் இலை கருகும்.

தக்காளியில் அடி இலைகள் மட்டும் மேலே சுருண்டு, பச்சை மாறாமல், தொட்டால் தோல் மாதிரி இருந்தால் அது வெயிலும் தண்ணீர்க் குறைவும். கவாத்து அதிகமானாலும் இப்படி வரும். கொழுந்திலிருந்து தொடங்கி மஞ்சளும் சேர்ந்தால் வைரஸ்.

ஆஸ்பிரின் அளவு: ஆய்வுகளில் பெரும்பாலும் அரை முதல் ஒரு மில்லிமோலார். ஒரு மில்லிமோலார் என்றால் லிட்டருக்கு 180 மில்லிகிராம் ஆஸ்பிரின். அதாவது 325 அல்லது 350 மில்லிகிராம் மாத்திரை ஒன்றுக்கு 2 லிட்டர் தண்ணீர். இதுவே மேல் வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இளஞ்செடிக்கு ஒரு மாத்திரையை 4 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் போதும்.

தவறு நடக்கும் இடங்கள்:

இதய நோய்க்குத் தரும் 75 மில்லிகிராம் மாத்திரைகளில் பெரும்பாலானவை குடலில் போய்க் கரையும்படி பூச்சு பூசியவை. தண்ணீரில் போட்டால் அப்படியே கிடக்கும். பூச்சில்லாத, தண்ணீரில் கரையும் வகையை வாங்குங்கள். காய்ச்சல் மாத்திரை என்று கேட்டால் பாரசிட்டமால் கொடுப்பார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"ஒரு டம்ளருக்கு ஒரு மாத்திரை" என்று சுற்றும் கணக்கு 9 மில்லிமோலார் வரை போகும். இலை விளிம்பு கருகி, வளர்ச்சி நிற்கும். வைரஸ் முற்றிவிட்டது என்று நினைத்து மறுபடியும் தெளிப்பார்கள்.

கரைசல் நல்ல புளிப்பு. பி.எச். மூன்றரைக்குப் பக்கத்தில் இருக்கும். 2 லிட்டருக்கு ஒரு சின்னச் சிட்டிகை சமையல் சோடா போட்டு 6 அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஆஸ்பிரின் தண்ணீரில் மெல்ல மெல்லச் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரியும், அதனால் கலந்த அன்றே தெளித்துவிடுங்கள். காலை ஏழு மணிக்கு முன் அல்லது வெயில் தாழ்ந்த பின், இலையின் இரு பக்கமும் நனையும்படி.

நாற்று நடுவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு முறை, நட்டு இரண்டு வாரத்தில் ஒரு முறை. எதிர்ப்பு உருவாகச் சில நாள் பிடிக்கும், அதனால் அறிகுறி வந்த பிறகு தெளிப்பதில் பயனில்லை. கவாத்துச் செய்த அன்றும், புழு தின்னும் நேரத்திலும் வேண்டாம்; காரணம் மேலே இருக்கிறது.

கிள்ளுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இலைச்சுருட்டு வைரஸ் கையாலோ கத்தரியாலோ பரவும் என்று பயப்பட வேண்டாம், அது ஈயால்தான் பரவும். ஆனால் தக்காளி மொசைக், புகையிலை மொசைக் இரண்டும் நேர் எதிர்: கைபட்டாலே பரவும், காய்ந்த இலைத் துணுக்கிலும் சிகரெட், பீடித் தூளிலும் உயிரோடு இருக்கும். புகையிலை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் செடியைத் தொடாதீர்கள். கிள்ளும்போது 200 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்து, செடிக்குச் செடி விரலை அதில் நனையுங்கள். பால் புரதம் வைரஸ் துகளைச் சுற்றிக்கொண்டு, அது செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கும். கத்தரியை 10 சதவீத டிரைசோடியம் பாஸ்பேட் கரைசலில் முக்கலாம். சொந்த விதை எடுப்பவர்கள் அதே கரைசலில் விதையை 15 முதல் 20 நிமிடம் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் நன்றாக அலசி உலர்த்துங்கள். காலையில் பனி காய்ந்த பிறகு கிள்ளினால் காயம் வேகமாக உலரும்.

---

தொட்டிச்செடி:

நன்றி. லென்ஸில் பார்த்தேன், மிளகாய் இலையின் அடியில் மிகச் சிறிய வெளிர் நிறப் பூச்சிகள் ஊர்கின்றன. சிலந்திதான் போல. தக்காளியில் கொழுந்து மஞ்சள்தான்.

ஆஸ்பிரினுக்குப் பதிலாக அந்திமந்தாரை இலைச்சாறு தெளிக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். அது என்ன கணக்கு?

---

பாத்திகட்டி:

அந்திமந்தாரையில் விஷயம் இருக்கிறது, அது வெறும் நாட்டுவழக்கம் இல்லை. அந்திமந்தாரையிலும் காகிதப்பூவிலும் ரைபோசோமை முடக்கும் புரதங்கள் உள்ளன. செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் இயந்திரம் ரைபோசோம். அதன் ஆர்.என்.ஏ.வில் குறிப்பிட்ட ஓர் இடத்திலுள்ள அடினினை இந்தப் புரதம் பிடுங்கிவிடும், இயந்திரம் நின்றுவிடும். வைரஸ் பெருக வேண்டுமானால் செடியின் ரைபோசோம்தான் வேண்டும். ஆமணக்கு விதையின் நஞ்சான ரிசினும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் ரிசினில் செல்லுக்குள் நுழைய உதவும் இன்னொரு பகுதி ஒட்டியிருக்கிறது, அந்திமந்தாரைப் புரதத்தில் அது இல்லை. இருந்தாலும் அந்திமந்தாரையின் விதையும் வேரும் வயிற்றைக் கெடுக்கும், குழந்தைகள் கையில் படாமல் பாருங்கள்.

செய்முறை: 100 கிராம் பச்சை இலையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு லிட்டராக்குங்கள். கொதிக்கவிடக் கூடாது, புரதம் திரிந்துவிடும். ஒட்டுவதற்கு ஒரு மில்லி காதி சோப்புக் கரைசல். அன்றே தெளிக்க வேண்டும், மறுநாள் புளித்து நாறும். இதுவும் வருமுன் காப்பது மட்டுமே. சாறு வழியாகத் தொற்றும் வைரஸ்களில் நன்றாக வேலை செய்யும். வெள்ளை ஈ நேராகக் குழாயில் இறக்கும் வைரஸில் அதே அளவு எதிர்பார்க்காதீர்கள்.

இதே வகையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நிலக்கடலை மொட்டுக் கருகல் நோய்க்கு ஒன்று பரிந்துரைக்கிறது: காய்ந்த சோளத் தட்டை இலை அல்லது தென்னை ஓலையைப் பொடியாக்கி, ஒரு கிலோவுக்கு 2 லிட்டர் தண்ணீர் சேர்த்து 60 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கி, வடிகட்டி, 10 லிட்டராக்கி, விதைத்த 10-ம் நாளும் 20-ம் நாளும் தெளிப்பது. எக்டேருக்கு 500 லிட்டர். தெளிக்கும் நாள்களைக் கவனியுங்கள். செடி சின்னதாக, இலைப்பேன் இன்னும் வைரஸை ஏற்றாத நேரம். அந்த நாளைத் தவறவிட்டால் எந்தச் சாறும் உதவாது.

நாற்றங்கால் அண்ணன் ஆஸ்பிரின் அளவைச் சரியாகவே எழுதியிருக்கிறார். ஆனாலும் எட்டுப் பத்துத் தொட்டி வைத்திருப்பவருக்கு நான் ஆஸ்பிரினைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நேரத்தையும் காசையும் வலைக்குப் போடுங்கள். நாற்றை விதைத்த நாளிலிருந்து 25 முதல் 30 நாள் வரை 40 அல்லது 50 மெஷ் நைலான் வலைக்குள் வளர்த்தால், செடி மிகவும் பலவீனமாக இருக்கும் பருவம் ஈயில்லாமல் கடந்துவிடும். பிந்தித் தொற்றிய செடி காய் கொடுக்கும், நாற்றிலேயே தொற்றியது கொடுக்காது.

---

இலைநரம்பு:

பாத்திகட்டி சொல்வதை ஏற்கிறேன். அதற்கு இன்னொரு காரணம் வெப்பம். நான் சொன்ன 'என்' மரபணு 28 டிகிரிக்கு மேல் வேலை செய்யாது. அந்த வெப்பத்தில் புகையிலையில் புள்ளி விழாது, வைரஸ் செடி முழுவதும் பரவும். பிறகு குளிரான இடத்துக்கு மாற்றினால் பரவிய இடமெல்லாம் ஒரேயடியாகச் செத்து இலை சரியும். தக்காளியில் வேர்முடிச்சு நூற்புழுவுக்கு எதிரான 'எம்.ஐ.' மரபணுவும் இதே வெப்பத்தில் தளர்ந்துவிடும். அராபிடாப்சிஸில் 28 டிகிரியில் சாலிசிலிக் அமில உற்பத்தியே அடங்கிப்போவதற்கான காரணத்தை 2022-ல் கண்டுபிடித்தார்கள். ஆகவே குளிர்நாட்டுக் கண்ணாடிக் குடிலில் வந்த முடிவைச் சித்திரை மாத மாடிக்கு அப்படியே கொண்டுவர முடியாது. மாசியிலிருந்து 50 சதவீத நிழல்வலை போடுவது செடியின் சொந்தத் தற்காப்புக்கே உதவி.

தழைச்சத்தையும் குறையுங்கள். யூரியா அதிகமான இலை மென்மையாகி, சாறில் அமினோ அமிலம் கூடி, வெள்ளை ஈயை இழுக்கும்.

அடுத்த முறை ரகத்தையும் மாற்றுங்கள். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், அர்கா சம்ராட் இரண்டும் இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும் வீரிய ஒட்டு ரகங்கள். வீரிய ஒட்டு என்பதால் அதிலிருந்து எடுத்த விதையை மறுபடி போட்டால் அதே குணம் வராது.

---

தொட்டிச்செடி:

இப்போது நோய் வந்த நான்கு தக்காளிச் செடிகளை என்ன செய்வது? காய் பிடித்த ஒன்றும் இருக்கிறது.

---

நாற்றங்கால்:

காய் பிடித்ததையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். அது நிற்கும் வரை வெள்ளை ஈக்கு வைரஸ் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை ஏற்றிக்கொண்ட ஈ சாகும் வரை பெரும்பாலும் பரப்பும்.

எடுக்கும் முறை முக்கியம். செடியைப் பிடுங்கி ஆட்டினால் ஈயெல்லாம் பறந்து பக்கத்துத் தொட்டியில் உட்காரும். ஈ மந்தமாக இருக்கும் விடியற்காலையில் லிட்டருக்கு 5 மில்லி காதி சோப்புக் கரைசலை இலையின் அடிப்பக்கம் சொட்டச் சொட்டத் தெளியுங்கள். சிறகு நனைந்த ஈ பறக்காது. உடனே பெரிய பிளாஸ்டிக் பையைச் செடியின் தலைவழியாகக் கவிழ்த்து, தண்டோடு சேர்த்து வாயைக் கட்டி, மண் மட்டத்தில் வெட்டுங்கள். பையைத் திறக்காமல் இரண்டு நாள் வெயிலில் போட்டுவிட்டுப் பிறகு உரக்குழியில் கொட்டலாம். இந்த வைரஸ் காய்ந்த இலையிலிருந்து பரவாது. மணத்தக்காளி, ஊமத்தை போன்றவை தொட்டி ஓரத்தில் தானாக முளைத்திருந்தால் அவற்றையும் பாருங்கள், மஞ்சள் தெரிந்தால் அதே பையில் போடுங்கள்.

மீதிச் செடிகளுக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி, கொழுந்துக்கு ஒரு சாண் மேலே. பத்துத் தொட்டிக்கு இரண்டு போதும். ஐந்து நாளுக்கு ஒருமுறை 5 மில்லி வேப்பெண்ணெய், ஒரு மில்லி சோப்பு, ஒரு லிட்டர் தண்ணீர். எண்ணெயையும் சோப்பையும் முதலில் கலக்கி, வெள்ளையாகப் பால் மாதிரி ஆன பிறகு தண்ணீரை ஊற்றுங்கள். மிளகாய்க்குக் கந்தகம் போடப் போகிறீர்கள் என்பதால் இந்த எண்ணெய் மிளகாய்மேல் படாமல், தக்காளித் தொட்டிகளைத் தள்ளி வைத்துத் தெளியுங்கள்.